பிக்கப்புக்கு ஏர் இன்டேக் வாங்கும் முன்: தூசி ஊரிலிருந்து சில யோசனைகள்

"அண்ணா, சில்வராடோவுக்கு எந்த ஏர் இன்டேக் போடலாம்?" டெக்சாஸின் மிட்லண்டிலும் ஒடெஸாவிலும் வேலையில் சேர்ந்த கையோடு பிக்கப் வாங்கிவிட்ட நம் பையன்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஏர் இன்டேக் என்றால் என்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் ஃபில்டர், பெட்டி, குழாய் எல்லாம் சேர்ந்தது. கையில் ஒரு லிங்க் வைத்திருப்பார்கள். பளபளக்கும் குழாய், சிவப்பு கூம்பு ஃபில்டர், பக்கத்தில் ஒரு டைனோ (வண்டியின் பவரை அளக்கும் இயந்திரம்) கிராஃப், விலை 300, 400 டாலர். வாங்கு, வாங்காதே என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் பிக்கப்பில் போடும் இன்டேக் அப்படி முடிவு செய்யும் சாமான் இல்லை. என்ஜினின் ஆயுளோடு நேராகச் சம்பந்தப்பட்டது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மேற்கு டெக்சாஸில் எண்ணெய் வயல் வேலையில் இருக்கிறேன். ஓட்டுவது 2017 செவி சில்வராடோ 1500, 5.3 லிட்டர் வி8. பாதி நேரம் தார் ரோடு, பாதி நேரம் கலீச்சி ரோடு. கலீச்சி என்பது இந்தப் பக்கத்து வெள்ளைச் சுண்ணாம்பு மண். எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் ரோடுகள் பெரும்பாலும் அதைக் கொட்டி உருட்டியவைதான். முன்னால் ஒரு தண்ணீர் டேங்கர் போனால் போதும், கோதுமை மாவு மாதிரி தூசி எழும்பி, காற்று இல்லாத நாளில் அப்படியே ரோட்டின் மேல் நிற்கும். அதற்குள் நுழைந்து போக வேண்டிய என்ஜினுக்கு நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது முதலில் ஃபில்டரை, அப்புறம் அதைச் சுற்றியுள்ள பெட்டியின் அடைப்பை. குதிரைசக்தி அதற்குப் பிறகுதான். டல்லாஸில் ஆபீஸுக்குப் போய் வரும் வண்டிக்கு இந்த வரிசை கொஞ்சம் மாறலாம். ஆனால் தலைகீழாக மாறாது.

எதற்காக வாங்குகிறீர்கள்?

மைலேஜுக்காக என்றால் இப்போதே விட்டுவிடுங்கள். பெட்ரோல் என்ஜினில் காற்றை அடக்கி வைப்பது த்ராட்டில் தகடு. 70 மைல் வேகத்தில் சீராகப் போகும்போது அது கொஞ்சம்தான் திறந்திருக்கும். அந்த இடுக்கில் ஏற்படும் தடையின் முன்னால் ஃபில்டரின் தடை ஒன்றுமே இல்லை. ஃபில்டரின் தடையைக் குறைத்தால் அதே வேகத்துக்கு த்ராட்டில் இன்னும் துளி மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்தே பார்த்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் இன்றைய பெட்ரோல் வண்டிகளில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டியும் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. அடைத்துப்போன ஃபில்டரே மைலேஜைக் கெடுக்கவில்லை என்றால், நல்ல ஃபில்டரை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவதால் அது எப்படிக் கூடும்?

சத்தத்துக்காக என்றால் தாராளமாக வாங்கலாம். வண்டியோடு வந்த கம்பெனி ஏர் பாக்ஸிலும் குழாயிலும் சத்தத்தை விழுங்குவதற்கென்றே சிறு அறைகள் வைத்திருப்பார்கள். அவற்றை எடுத்ததும் வி8 மூச்சு இழுக்கும் சத்தம் கேபினுக்குள் வரும். மேட்டில் ஏறும்போது அது நன்றாகத்தான் இருக்கும், எனக்கும் பிடிக்கும். அதற்காகப் பணம் செலவழிப்பதில் தப்பே இல்லை. வண்டி வேகமாகிவிட்டது என்று மட்டும் அந்தச் சத்தத்தை வைத்துச் சொல்லாதீர்கள்.

பவருக்காக என்றால், வாங்கும் முன் உங்கள் வண்டியில் எடுப்பதற்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பவர் மிச்சம் இருக்கிறதா என்று அளப்பது எப்படி

இதற்கு டைனோ தேவையில்லை. வண்டியில் மெக்கானிக் கோளாறு பார்க்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ஒரு சாதாரண புளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் போதும். த்ராட்டிலுக்கு உள்பக்கம், காற்றை சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தைச் சொல்வது மேப் சென்சார். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சாதனம்) இல்லாத வண்டிக்கு மட்டும் இந்த வழி.

என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆனில் வையுங்கள். அப்போது மேப் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். மிட்லண்ட் சுமார் 2,800 அடி உயரத்தில் இருப்பதால் இங்கே 91, 92 காட்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆப்பைப் பதிவு செய்யும் நிலையில் விட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத ஹைவே ஏற்றத்தில் கியரை 2-ல் நிறுத்தி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து 5,500 சுற்று வரை போங்கள். 6 கியர் உள்ள என் வண்டியில் அது 65 மைல் வேகத்தில் முடிந்துவிடும், சட்டத்துக்குள்தான். போனைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டாம். வண்டியை நிறுத்திய பிறகு பதிவைப் பாருங்கள்.

மேலே போகும்போது மேப் எவ்வளவு இறங்கியது? என் சில்வராடோவில் புது காகித ஃபில்டரோடு 88, 89-ல் நிற்கிறது. அதாவது வெளியே இருக்கும் காற்றில் ஏறக்குறைய 3 சதவீத அழுத்தம்தான் வழியில் போகிறது. அந்த 3 சதவீதத்திலும் ஃபில்டர், பாக்ஸ், குழாய், த்ராட்டில் பாடி எல்லோருக்கும் பங்கு உண்டு. இந்த 5.3-க்குக் கம்பெனி சொல்லும் பவர் 355 குதிரைசக்தி. தடை முழுவதையும் மந்திரம் போட்டு எடுத்தாலும் 10, 11 குதிரைசக்திக்கு மேல் கிடைக்க வழியில்லை. இன்டேக் கிட் அதில் பாதியைத் தந்தால் பெரிய காரியம். அதுவும் 5,000 சுற்றுக்கு மேல்தான். டிரெய்லர் இழுக்கும்போது நாம் இருப்பது 2,500, 3,500-ல்.

உங்கள் வண்டியில் 7, 8 கிலோபாஸ்கல் இறங்குகிறது என்றால் முதல் வேலையாக ஒரு புது ஃபில்டர் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். 30 டாலரில் முடிகிற விஷயமாக இருக்கலாம். புதுசு போட்டும் இறங்கினால், இன்டேக் மாற்றுவதில் உண்மையிலேயே அர்த்தம் இருக்கிறது.

டர்போ வண்டிகளுக்கு, ஃபோர்டு எக்கோபூஸ்ட் போன்றவற்றுக்கு, இந்தக் கணக்கு ஓடாது. ஃபில்டரில் சிறு தடை இருந்தால் டர்போ கொஞ்சம் கூடுதலாகச் சுற்றி அதே பூஸ்ட்டைக் கொடுத்துவிடும். அங்கே ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் ஒரு வாக்குவம் கேஜ் வைத்துத்தான் அளக்க வேண்டும். டீசலில் அதிலும் வேறு மாதிரி. த்ராட்டில் வைத்துப் பவரைக் கட்டுப்படுத்தாத என்ஜின் என்பதால் சாதாரண ஓட்டத்திலும் காற்று நிறைய போகும். அதனால்தான் பல டீசல் பிக்கப்களில் ஃபில்டர் அடைப்பைக் காட்டும் கேஜ் கம்பெனியிலேயே வருகிறது. அது சிவப்பைத் தொடாதவரை எதையும் மாற்ற அவசரம் இல்லை.

குளிர்ந்த காற்று யாரிடம் இருக்கிறது

கோல்டு ஏர் இன்டேக் என்று விற்கிறார்கள். பானெட்டைத் திறந்து, உங்கள் கம்பெனி ஏர் பாக்ஸின் வாய் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். அநேகமாக எல்லா நவீன பிக்கப்களிலும் அது ஃபெண்டருக்குள்ளேயோ கிரில்லுக்குப் பின்னாலேயோதான் திறக்கும். அதாவது கம்பெனி ஏற்கெனவே வெளிக்காற்றைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

காற்று 10 டிகிரி ஃபாரன்ஹீட் சூடானால் பவரில் சுமார் 1 சதவீதம் போகும் என்பது பொதுக் கணக்கு. வெப்பத்தைத் தடுக்க ஒரு தகடு மட்டும் வைத்த திறந்த கூம்பு ஃபில்டர், ஆகஸ்ட் மாதம் 105 டிகிரி வெயிலில் சிக்னலில் நிற்கும்போது ரேடியேட்டர் விசிறி தள்ளும் காற்றைத்தான் இழுக்கும். தடையைக் குறைத்துச் சம்பாதித்த 1 சதவீதம், 2 சதவீதம் அங்கேயே கரைந்துவிடும். வேகமாகப் போகும்போது வித்தியாசம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் டிரெய்லர் கட்டி மெதுவாக மேடேறும்போது தேவைப்படும் பவர், சூடான காற்று சேரும் அதே நேரத்தில்தான் தேவைப்படும்.

இதையும் அதே ஆப்பில் பார்க்கலாம். ஐஏடி என்று வரும் எண் உள்ளே போகும் காற்றின் வெப்பம். டேஷ்போர்டில் காட்டும் வெளி வெப்பத்தோடு ஒப்பிடுங்கள். ஹைவேயில் 10 டிகிரிக்குள் இருந்தால் கம்பெனி பாக்ஸ் தன் வேலையைச் செய்கிறது. புது இன்டேக் போட்ட நண்பர் யாராவது இருந்தால் அவர் வண்டியிலும் அதே ரோட்டில் அதே மத்தியானத்தில் பாருங்கள். விளம்பரம் சொல்லாததை இந்த இரண்டு எண்கள் சொல்லும்.

ஆக, கிட் வாங்குவதானால் நான்கு பக்கமும் மூடியுள்ள, மூடியோடு வரும் பெட்டி உள்ளதையே வாங்குங்கள். பானெட் மூடினால்தான் பெட்டி மூடும் என்கிற வகையில் விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை ஒட்டியிருப்பார்கள். நாள்பட்டால் அந்த ரப்பர் அமுங்கி இடைவெளி விடும். பெட்டியின் வாய் கம்பெனி துவாரத்தோடு நேராகப் பொருந்துகிறதா என்பதைப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள்.

குழாய் அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் உண்டு. 4 அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 500 கன அடி காற்று போனால் அதன் வேகம் நொடிக்கு 95 அடி. மூன்றடிக் குழாயை அது கடக்க நொடியில் நூறில் மூன்று பங்குதான் ஆகும். அதற்குள் எவ்வளவு சூடாகிவிடும்? மெதுவாக ஊர்ந்து போகும்போது உலோகம் கொஞ்சம் மோசம், அவ்வளவுதான். நான் பிளாஸ்டிக் பக்கம்.

தூசி

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிப்பேன், நீங்களும் செலவழிக்க வேண்டும்.

தூசியில் இருக்கும் சிலிக்கா என்ஜினுக்குள் இருக்கும் இரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியும் மணல் துகளை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். பிரச்சினை அதைவிடப் பொடியான, 5 முதல் 20 மைக்ரான் அளவுள்ள துகள்கள். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில், பேரிங்கின் எண்ணெய்ப் படலத்துக்குள் நுழைய அவற்றுக்குச் சரியான அளவு. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. 80,000 மைலில் எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும்போதுதான் தெரியும்.

ஃபில்டர்களை ஒப்பிட ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. குறிப்பிட்ட வகைத் தூசியை, குறிப்பிட்ட காற்றோட்டத்தில் ஊதி, எத்தனை சதவீதம் பிடித்தது, எவ்வளவு தூசி தாங்கியது, தடை எவ்வளவு என்று மூன்றையும் சொல்லும். நல்ல கம்பெனிகள் இந்த எண்களை வெளியிடுகின்றன. வெளியிடாதவரின் ஃபில்டரை நான் வாங்குவதில்லை. படிக்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். பொடித் தூசியில் சோதித்தார்களா, பருமனான தூசியிலா? பருமனான தூசியில் எல்லாருமே நல்ல மார்க் வாங்குவார்கள். அடுத்து, சதவீதத்தைத் திருப்பிப் போட்டுப் படியுங்கள். 99.9 சதவீதம் என்றால் உள்ளே போவது 0.1. 97 சதவீதம் என்றால் உள்ளே போவது 3. கேட்க மூன்றே சதவீத வித்தியாசம் மாதிரி இருக்கும். என்ஜினுக்குள் போகும் தூசி 30 மடங்கு.

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரா, உலர் ஃபில்டரா? எண்ணெய்ப் பருத்தி முறையைப் பிரபலமாக்கியது கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் 1969-ல் தொடங்கிய கே அண்ட் என். கழுவி, எண்ணெய் தடவி, ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். காற்று எளிதாகப் போகும். பந்தயத்துக்கும் தார் ரோட்டுக்கும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது கழுவுபவரின் கையை நம்பி இருக்கிறது. எண்ணெய் குறைந்தால் தூசி ஊடுருவும். கூடினால் அந்த எண்ணெய், காற்றின் அளவைப் பார்க்கும் மாஃப் சென்சாரின் மெல்லிய கம்பிமேல் படியும். அதிகமாக எண்ணெய் தடவிய ஃபில்டர்களால் என்ஜினும் கியர் மாற்றமும் கோளாறு காட்டுவது பற்றி ஜிஎம் தன் டீலர்களுக்கு சர்வீஸ் புல்லட்டினே விட்டிருக்கிறது.

ஏஈஎம் தருவது எண்ணெய் இல்லாத செயற்கை இழை ஃபில்டர். எஸ் அண்ட் பி ஒரே கிட்டில் எண்ணெய் வகை, உலர் வகை இரண்டில் எது வேண்டுமென்று கேட்டே விற்கிறது. ஏஎஃப்ஈ-யில் உலர் வகையும் உண்டு, 5 அடுக்கு, 7 அடுக்கு எண்ணெய் வகைகளும் உண்டு. தூசி ரோட்டில் ஓடுபவர்களுக்கு நான் சொல்வது உலர் வகை, அதுவும் மாற்று ஃபில்டர் தனியாக எளிதில் கிடைக்கும் அளவு. கூம்பு எவ்வளவு பெரிதோ, மடிப்பு எவ்வளவு ஆழமோ, அவ்வளவு நல்லது. பரப்பு கூடினால் காற்று மெதுவாக நுழையும், தூசி அதிகம் தாங்கும், அடைப்பு தாமதமாகும். ஒரு காகித ஃபில்டர் கழுவ முடியாதது என்பதால் மட்டமானது இல்லை. தூசி பிடிப்பதில் அதை மிஞ்சுவது சுலபமில்லை.

யார்டில் கம்ப்ரஸர் இருக்கிறதே என்று ஃபில்டரை ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் இங்கே நிறைய பேரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். இழை கிழியும், ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. தூசி ஓரளவு படிந்த ஃபில்டர் புதிதைவிட நன்றாகவே தூசி பிடிக்கும். அடிக்கடி பெட்டியைத் திறப்பதே உள்ளே தூசி விழ வழி.

ஃபில்டர் எவ்வளவு நல்லதானாலும், அதன் விளிம்பு பெட்டியில் சரியாக உட்காராவிட்டால் காற்று அந்த இடைவெளியில்தான் போகும். இதைப் பார்க்க ஒரு வெள்ளைத் துணி போதும். கலீச்சி ரோட்டில் ஒரு வாரம் ஓட்டிய பிறகு என்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் உள்ள குழாயைக் கழற்றி, உள்சுவரைத் துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். லேசான எண்ணெய்ப் பசை, பழுப்பு நிறத்தில் வந்தால் பயமில்லை, அது என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸ் காற்றில் வருவது. துணியில் வெள்ளைக் கோடு விழுந்தால், விரலில் தேய்க்கும்போது நறநற என்றால், தூசி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஃபில்டர் கழுத்தின் உள்விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் மட்டும் விசிறி விரித்த வடிவில் வெள்ளைத் தடம் தெரியும். அந்த இடத்தில் கிளாம்ப் கோணலாக இருக்கும், அல்லது ரப்பர் மடிந்திருக்கும்.

மாஃப் சென்சார்: எண் மாறினால் எல்லாம் மாறும்

காற்று எவ்வளவு போகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது மாஃப் சென்சார். ஆனால் அது குழாய் முழுவதையும் அளப்பதில்லை. தன் மேல் படும் சிறு பகுதிக் காற்றை வைத்து, குழாயின் அகலம் இவ்வளவு என்ற கணக்கில் மீதியை ஊகிக்கிறது. புது இன்டேக்கில் அந்த இடம் 10 சதவீதம் பெரிய பரப்பாக இருந்தால், அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் காற்று குறைவு என்று சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் அதைச் சரிசெய்துவிடும். முழு ஆக்சிலேட்டரில் கலவை மெலிந்தே நிற்க வாய்ப்புண்டு. டைனோ கிராஃபில் தெரியும் ஏற்றத்தில் ஒரு பங்கு இப்படி வருவதும் உண்டு. வெயிலில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு அது நல்லதில்லை.

எனவே விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: மாஃப் இருக்கும் இடத்தின் உள்விட்டம் கம்பெனி அளவேதானா? ட்யூன் (என்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது) வேண்டுமா, வேண்டாமா? ட்யூன் செய்யும் எண்ணம் இல்லை என்றால் ட்யூன் தேவைப்படாத வகையை மட்டுமே எடுங்கள். ராம் 5.7 ஹெமி போன்றவற்றில் மாஃப் சென்சாரே கிடையாது, மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும். அவற்றுக்கு இந்தத் தலைவலி குறைவு.

போட்ட பிறகு, கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்று சொல்லும் ஃபியூவல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்கள். போடும் முன்பே ஒரு முறை குறித்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். ப்ளஸ் மைனஸ் 5-க்குள் இருந்தால் நிம்மதி. ப்ளஸ் 10 தாண்டினால் அளவு தவறு, அல்லது மாஃபைத் தாண்டி எங்கோ காற்று கசிந்து நுழைகிறது. கவனிக்காமல் விட்டால் பி0171, பி0174 என்ற கோளாறுக் குறியீடுகளோடு செக் என்ஜின் விளக்கு எரியும். கிராங்க்கேஸிலிருந்து வரும் சிறிய ஹோஸ் சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதி கேஸ் அதுதான்.

சட்டமும் வாரண்டியும்

கலிஃபோர்னியாவில் இருந்தால், அல்லது அங்கே வேலை மாறிப் போக வாய்ப்பிருந்தால், கார்ப் என்கிற கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் ஈஓ (அனுமதி) நம்பர் உள்ள கிட் மட்டுமே வாங்குங்கள். டி என்ற எழுத்தில் தொடங்கும் அந்த எண் உங்கள் வண்டியின் ஆண்டுக்கும் என்ஜினுக்கும் பொருந்த வேண்டும். கூட வரும் ஸ்டிக்கரை பானெட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். ஸ்மாக் (புகை) சோதனையில் ஆள் கண்ணால் பார்த்தே தேடுவார். டெக்சாஸில் 2025 ஜனவரி முதல் சொந்த உபயோக வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனையை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஹூஸ்டன், டல்லாஸ், ஆஸ்டின், எல் பாசோ சுற்றுவட்டார கவுன்டிகளில் புகைச் சோதனை தொடர்கிறது. செக் என்ஜின் விளக்கு எரிந்தால் அங்கே தேற முடியாது.

வேறு கம்பெனி பாகம் போட்டதாலேயே வாரண்டியை ரத்து செய்ய முடியாது, 1975-ன் மேக்னசன் மாஸ் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஆனால் கெட்டுப்போனதற்குக் காரணம் அந்தப் பாகம்தான் என்று காட்டினால் அந்த ரிப்பேரை மறுக்கலாம். தூசி தின்ற என்ஜினும் எண்ணெய் படிந்த மாஃபும் அப்படிக் காட்டச் சுலபமானவை.

மாட்டும்போதும் பிறகும்

ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்கள் ஃபில்டர் எவ்வளவு உயரத்தில் உட்காருகிறது என்று பாருங்கள். பம்பருக்குப் பின்னால் தாழ இறங்கும் வகை மழைத் தண்ணீரில் வேண்டவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தூசி ரோட்டுக்காரர்கள் ஃபில்டர்மேல் போடும் துணி உறை ஒன்று வாங்கலாம். பருமனான தூசியை அது வெளியிலேயே நிறுத்தும், உறையை மட்டும் கழற்றி உதறிப் போடலாம்.

மாட்டும் நாளில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். த்ராட்டில் வாயைத் திறந்ததும் சுத்தமான துணியால் மூடுங்கள், ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் பெரிய செலவு. மாஃபைத் தொடும்போது அதன் வெளிக்கூட்டை மட்டும் பிடியுங்கள், கம்பியைத் தொடாதீர்கள். அதில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அது த்ராட்டிலைப் பார்த்து இருக்க வேண்டும். சிலிகான் இணைப்புகளை எல்லாம் தளர்வாகக் கோர்த்து, குழாய் எதிலும் உரசாமல் நின்ற பிறகு கடைசியாக கிளாம்ப்களை முடுக்குங்கள். ஒரு ஐந்நூறு மைல் ஓடி, பலமுறை சூடாகி ஆறிய பிறகு மறுபடி ஒரு சுற்று முடுக்கிப் பாருங்கள். நிச்சயம் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும்.

அடுத்த எண்ணெய் மாற்றத்தில் பழைய எண்ணெயில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இண்டியானாவில் ஃபோர்ட் வேனில் உள்ள பிளாக்ஸ்டோன் போன்றவர்கள் சில பத்து டாலருக்குச் செய்து தருகிறார்கள். பார்க்க வேண்டியது சிலிக்கான். தனியாக அது மட்டும் கொஞ்சம் கூடியிருந்தால் புதிதாகப் போட்ட சீலன்ட்டாக இருக்கலாம். சிலிக்கானோடு இரும்பும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் தூசி என்ஜினைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டது. முடிந்தால் கம்பெனி ஃபில்டர் இருக்கும்போதே ஒரு முறை அனுப்பி வைத்து அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நேர்மையான ஒப்பீடு வேறு இல்லை.

பையன்கள் அடுத்துக் கேட்பது, "நீங்க என்ன போட்டிருக்கீங்க அண்ணா?" என்று. கம்பெனி பாக்ஸ், காகித ஃபில்டர், ஃபில்டர் விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூச்சு, பாக்ஸ் வாயில் ஒரு துணி உறை. 3 கிலோபாஸ்கல் இறக்கத்துக்கு 400 டாலர் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. டிரெய்லர் பிரேக்குக்கு அந்தப் பணம் போனது. உங்கள் வண்டி அளந்து பார்த்ததில் வேறு எண் சொன்னால், மூடிய பெட்டி, உலர் ஃபில்டர், கம்பெனி அளவு மாஃப் குழாய் உள்ள கிட்டாகப் பார்த்து வாங்கிப் போடுங்கள். கழற்றிய கம்பெனி பாக்ஸை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிளாம்ப், ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி அதற்குள்ளேயே வைத்து கராஜில் ஏற்றி வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.